சிங்க் ஆக்சைடில் மாங்கனீசு: வளைவு வருகிறது, ஒளி போகிறது

கேள்வி: 11.02.2024, இரவு 10:40

கோ-பிரெசிபிடேஷன் (ஒரே கரைசலிலிருந்து சேர்த்து வீழ்படிவாக்கும்) முறையில் 5% மாங்கனீசு டோப் செய்த (அதாவது கொஞ்சமாகக் கலந்த) சிங்க் ஆக்சைடு நானோ பொடி செய்திருக்கிறேன். வி.எஸ்.எம். (காந்தத்தை அளக்கும் கருவி) எடுத்ததில், ஃபெர்ரோ காந்தத்துக்கு (இரும்பில் இருப்பது மாதிரியான காந்தம்) அடையாளமான ஹிஸ்டெரிசிஸ் வளைவு அறை வெப்பநிலையிலேயே வந்துவிட்டது. செறிவுக் காந்தம் (புலத்தைக் கூட்டினாலும் அதற்கு மேல் ஏறாத அளவு) கிராமுக்கு 0.005 இ.எம்.யு. (காந்தத்தின் அலகு). ஆனால் பி.எல். (யு.வி. பாய்ச்சி, பொடி திருப்பி விடும் ஒளியை அளப்பது) எடுத்தால், டோப் செய்யாத பொடியில் வந்த ஒளியில் பாதிகூட இல்லை. பக்கத்து மேசைத் தோழி அதே மாங்கனீசைச் சிங்க் சல்ஃபைடில் போட்டாள். யு.வி. விளக்கில் ஆரஞ்சாக ஒளிர்கிறது, ஆனால் அவளுக்கு வளைவு வரவில்லை, வெறும் நேர்கோடு. ஃபெர்ரோ காந்தம் வந்தால் ஒளி அணையும் என்று ஏதாவது விதி இருக்கிறதா அக்கா? அப்படி ஒரு விளக்கம் எழுதலாம் என்று எங்கள் கைடு சொல்கிறார். நீங்கள் இதே வேலை செய்தவர் என்று கேள்விப்பட்டேன்.

பதில்: 11.02.2024, இரவு 11:25

அப்படி ஒரு விதியும் இல்லை. எழுதிவிடாதீர்கள் தம்பி.

ஒளி குறைந்ததற்கு ஒரு காரணம், வளைவு வந்ததற்கு வேறொரு காரணம். ஒரே பொடியில் நடந்ததால் உறவு இருப்பது மாதிரி தெரிகிறது. ஒளி குறைந்தது நல்ல செய்திதான், மாங்கனீசு உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். வளைவைப் பற்றித்தான் எனக்குப் பயம். காலையில் ஒரு கணக்குப் போட்டு எழுதுகிறேன், அதுவரை கைடிடம் எதுவும் சொல்ல வேண்டாம்.

12.02.2024, காலை 6:10

கணக்கு. பேப்பர் பேனா எடுத்துக்கொண்டு நீங்களும் கூடவே போடுங்கள்.

ஒரு கிராம் சிங்க் ஆக்சைடு 0.0123 மோல். அதில் 5% என்றால் மாங்கனீசு 0.00061 மோல். மாங்கனீசு இரண்டு பிளஸ் அயனியின் டி ஆர்பிட்டலில் ஐந்து எலக்ட்ரான்கள், ஐந்தும் ஜோடி இல்லாதவை. அத்தனை அயனிகளும் ஒரே திசையில் திரும்பி நின்றால் அயனிக்கு 5 போர் மேக்னெட்டான் (அணு அளவிலான காந்த அலகு). மோலுக்கு 1 போர் மேக்னெட்டான் என்பது 5,585 இ.எம்.யு. பெருக்கினால் கிராமுக்கு 17 இ.எம்.யு. வருகிறது.

உங்களுக்கு வந்தது 0.005. அதாவது 3,400-இல் ஒரு பங்கு. மீதி 3,399 பங்கு மாங்கனீசு என்ன செய்கிறது என்று ரிவ்யூவர் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

இப்போது இரும்புக்கு வாருங்கள். அறை வெப்பநிலையில் இரும்பின் செறிவுக் காந்தம் கிராமுக்கு சுமார் 218 இ.எம்.யு. ஒரு மைக்ரோகிராம் இரும்பு 0.00022 கொடுக்கும். வி.எஸ்.எம். ஹோல்டரில் எவ்வளவு பொடி வைத்தார்கள்? வழக்கமாக 20 மில்லிகிராம் மாதிரி இருக்கும். அதில் அரை மைக்ரோகிராம் இரும்பு கலந்திருந்தால் போதும், கிராமுக்கு 0.0055 என்று மெஷின் காட்டிவிடும்.

அரை மைக்ரோகிராம் இரும்பு எவ்வளவு பெரியது? கனசதுரமாக நினைத்தால் பக்கம் 40 மைக்ரான். சராசரி தலைமுடியின் தடிமன்கூட இல்லை.

எக்ஸ்.ஆர்.டி.-யில் (எக்ஸ் கதிரால் படிகத்தை அடையாளம் காணும் சோதனை) வேறு பீக் இல்லை என்று சொல்ல வருவீர்கள், தெரியும். 20 மில்லிகிராமில் அரை மைக்ரோகிராம் என்பது பத்து லட்சத்தில் 25 பங்கு. நூற்றில் ஒரு பங்குக்குக் கீழே போனாலே எக்ஸ்.ஆர்.டி. தடுமாறும், அதுவும் நானோ பொடியின் அகலமான பீக்குகளுக்கு நடுவில்.

12.02.2024, மதியம் 1:50

கணக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. எனக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

2009-இல் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தேன். 2011-இல் 1, 3, 5, 7, 10 சதவீதம் என்று ஐந்து பொடிகள் செய்தேன். மஃபிள் ஃபர்னஸில் 500 டிகிரி, அலுமினா குரூசிபிள். எங்கள் ஊரில் வி.எஸ்.எம். கிடையாது. சாம்பிளுக்கு இவ்வளவு என்று வெளியூரில் பணம் கட்டி, இரண்டு மாதம் காத்திருந்து, எப்பெண்டார்ஃப் குழாய்களை டிபன் டப்பாவில் அடுக்கி ராத்திரி பஸ்ஸில் கொண்டுபோனேன். 3, 5, 10 மூன்றிலும் வளைவு. 1-லும் 7-லும் இல்லை. எங்கள் லேபில் அன்றைக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது. 7-இல் ஏன் வரவில்லை என்பதற்கு, மாங்கனீசு அயனிகள் நெருங்கி வந்து எதிரெதிராகத் திரும்பிக்கொண்டன என்று ஒரு பத்தி எழுதினேன். 10-இல் மறுபடி ஏன் வந்தது என்பதற்கு இன்னொரு பத்தி. பேப்பர் வெளியானது.

2013-இல் ஒரு ஜூனியர் டோப் செய்யாத சிங்க் ஆக்சைடு செய்தாள். பொடி குரூசிபிளின் அடியில் பிடித்துக்கொண்டது. ஸ்டீல் ஸ்பாட்டுலாவால் சுரண்டி எடுத்தாள். அதற்கும் வளைவு வந்தது, 0.006.

அன்று ராத்திரி என் பழைய லேப் நோட்டைப் புரட்டினேன். எந்தப் பொடி அடிப்பிடித்தது, எது தட்டியதும் உதிர்ந்தது என்று பென்சிலில் குறித்து வைத்திருந்தேன். அடிப்பிடித்தவை 3, 5, 10.

அலுமினா மீது ஸ்டீலைத் தேய்த்தால் கறுப்புக் கோடு விழும், பார்த்திருப்பீர்கள். அந்தக் கோடுதான் நான் பத்தி பத்தியாக விளக்கியது. காந்தம் ஒட்டாத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தானே என்று சமாதானம் சொல்ல முடியாது. 304 வகை ஸ்டீலைக்கூட வளைத்து, தேய்த்து அடிபடச் செய்தால் அதன் உள்ளமைப்பு மாறி அந்த இடம் காந்தத்தன்மை பெறும்.

13.02.2024, காலை 7:00

தோழிக்கு ஏன் ஒளிர்கிறது, உங்களுக்கு ஏன் அணைகிறது.

மாங்கனீசின் ஆரஞ்சு ஒளி அதன் டி எலக்ட்ரான்கள் தங்களுக்குள் இடம் மாறுவதால் வருவது. ஆற்றல் சுமார் 2.1 எலக்ட்ரான் வோல்ட், அலைநீளம் 585-590 நானோமீட்டர். சிங்க் சல்ஃபைடின் பேண்ட் கேப் (எலக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல் இடைவெளி) 3.7 எலக்ட்ரான் வோல்ட் அளவில் இருக்கிறது. யு.வி. ஒளியைச் சல்ஃபைடு விழுங்கி, எலக்ட்ரானும் துளையுமாக (எலக்ட்ரான் விட்டுப்போன காலி இடம்) பிரிந்து, அந்த ஆற்றலை மாங்கனீசுக்குக் கைமாற்றுகிறது. மாங்கனீசு அதை ஆரஞ்சாக விடுகிறது.

சிங்க் ஆக்சைடின் பேண்ட் கேப் 3.37. அதுவும் 2.1-ஐவிடப் பெரியதுதானே, அங்கும் ஆரஞ்சு வர வேண்டுமே? நானும் ஒரு வருடம் இப்படித்தான் குழம்பிக் கிடந்தேன். பேண்ட் கேப் அகலத்தை மட்டும் பார்த்ததுதான் பிசகு. ஆக்சைடின் கடத்து பட்டை (எலக்ட்ரான் தாராளமாக ஓடும் ஆற்றல் மட்டம்) சல்ஃபைடினுடையதைவிடக் கீழே இருக்கிறது. அதனால் மாங்கனீசின் டி எலக்ட்ரான் ஒன்று கொஞ்ச ஆற்றல் கிடைத்தாலே பட்டைக்குள் தாவிவிடுகிறது. இந்தத் தாவல் பேண்ட் கேப்புக்கு உள்ளேயே ஒரு வடிகால் மாதிரி அமைந்து, வருகிற ஆற்றலையெல்லாம் வாங்கி வெப்பமாகக் கரைத்துவிடுகிறது. உங்கள் பொடி வெள்ளையாக இல்லாமல் மஞ்சளாகவோ வெளிர் பழுப்பாகவோ இருக்கிறதா? அந்த நிறமே இந்தத் தாவலால் வருவதுதான். டோப் செய்யாத பொடியில் 380 நானோமீட்டர் பக்கம் வரும் யு.வி. ஒளியும், பச்சைப் பக்கம் வரும் குறைபாட்டு ஒளியும் சேர்ந்தே மங்குவதும் இதனால்தான்.

கோபால்ட் போட்டால் பொடி பச்சையாகும். 18-ஆம் நூற்றாண்டிலேயே ஸ்வீடன்காரர் ரின்மன் கண்டுபிடித்த நிறமி அது. 570, 610, 655 நானோமீட்டர் பக்கம் மூன்று உறிஞ்சல்கள் தெரிந்தால், கோபால்ட் துத்தநாகத்தின் இடத்தில், நான்கு ஆக்சிஜனுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம்.

டோப்பண்ட் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று ஒளியிடம் கேளுங்கள், ஒளி பொய் சொல்லாது.

13.02.2024, இரவு 9:15

முக்கியமான ஒன்றைக் கேட்க மறந்துவிட்டேன். வளைவைப் பேப்பருக்கு வரையும் முன் பின்புலம் (வளைவோடு சேர்ந்து வரும் நேர்கோட்டுச் சாய்வு) கழித்தீர்களா?

13.02.2024, இரவு 10:05

கழித்தேன், டயா காந்தப் பின்புலம், எல்லாப் பேப்பரிலும் கழிக்கிறார்களே என்கிறீர்கள். கழித்த கோடு எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது?

13.02.2024, இரவு 10:20

மேல்நோக்கி!

தம்பி, டயா காந்தம் புலத்துக்கு எதிராகத் திரும்புவது, அதனால் கீழ்நோக்கிச் சாயும். ஹோல்டரும் டெஃப்ளான் டேப்பும் சிங்க் ஆக்சைடும் கீழ்நோக்கி இழுப்பவை. கோடு மேலே போகிறது என்றால் அது பாரா காந்தம். ஒன்றோடொன்று கைகோக்காமல் தனித்தனியாக நிற்கும் மாங்கனீசு அயனிகள் தருவது.

கணக்கும் ஒத்துப்போகிறது. கியூரி விதிப்படி மாங்கனீசு மோலுக்கு மாறிலி 4.38. அதை 300 கெல்வினால் வகுத்து, 10,000 எர்ஸ்டெட் புலத்தால் பெருக்கி, உங்கள் 0.00061 மோலாலும் பெருக்கினால் கிராமுக்கு 0.09 இ.எம்.யு. நீங்கள் வைத்துக்கொண்ட வளைவு 0.005.

கழித்துத் தூக்கி எறிந்தீர்களே, அந்தக் கோடுதான் நீங்கள் போட்ட மாங்கனீசு. அதையும் எறிந்துவிட்டு, எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஒன்றுக்குப் பெயர் சூட்டிக்கொண்டிருக்கிறோம். இதைச் சொல்லும்போது உங்கள் மேல் கோபம் இல்லை. நானும் ஓரிஜின் என்ற வரைபட மென்பொருளில் அதே பட்டனைத்தான் அழுத்தினேன்.

14.02.2024, காலை 6:30

திருத்தம். 0.09 என்பது ஒவ்வொரு அயனியும் தனியாக நின்றால் வரும் அளவு. இழையில் ஒருவர் சுட்டிக்காட்டியது சரி. சிங்க் ஆக்சைடில் ஒவ்வொரு துத்தநாக இடத்துக்கும் அக்கம்பக்கத்தில் 12 துத்தநாக இடங்கள். 5% டோப்பிங்கில் அந்த 12-இலும் மாங்கனீசு இல்லாமல் இருக்கும் வாய்ப்பு 0.95-ஐப் பன்னிரண்டு தடவை பெருக்கினால் கிடைக்கும், 0.54. ஆக, பாதிக்குக் கொஞ்சம் குறைவான மாங்கனீசுகளுக்குப் பக்கத்திலேயே இன்னொரு மாங்கனீசு. நடுவில் ஒரு ஆக்சிஜன் இருந்தால் இரண்டும் எதிரெதிராகத் திரும்பிக்கொள்ளும். ஆகவே அளந்தால் 0.09-இல் பாதி, அதற்கும் கீழே வந்தாலும் ஆச்சரியமில்லை.

14.02.2024, இரவு 11:00

"அப்படியானால் டீட்ல் சொன்னது?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

2000-இல் சயன்ஸ் இதழில் டீட்ல், ஓனோ குழுவினர் எழுதிய அந்தக் கட்டுரையை நம் ஊரில் மேற்கோள் காட்டாத ஆய்வேடு இருக்காது. சிங்க் ஆக்சைடிலும் காலியம் நைட்ரைடிலும் 5% மாங்கனீசு போட்டால் அறை வெப்பநிலைக்கு மேலும் ஃபெர்ரோ காந்தம் கிடைக்கலாம் என்ற கணிப்பு. அதோடு ஒரு நிபந்தனையும் அந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது: கன சென்டிமீட்டருக்கு 3.5 × 10²⁰ துளைகள் வேண்டும். அதாவது துளைகள் மிகுந்த பி-வகை. சிங்க் ஆக்சைடோ சும்மா விட்டாலே எலக்ட்ரான் மிகுந்த என்-வகையாகத்தான் நிற்கும், அதைப் பி-வகை ஆக்குவதற்குள் உலகமே தண்ணீர் குடிக்கிறது. பீக்கரில் வீழ்படிவாக்கி எடுத்த பொடிக்கு 10²⁰ துளைகள் எங்கிருந்து வரும்? மேற்கோள் காட்டும்போது முதல் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறோம்.

நிபந்தனை பொருந்திய இடத்தில் கொள்கை வேலை செய்தது. காலியம் ஆர்சனைடில் மாங்கனீசே துளையையும் கொடுக்கிறது, ஸ்பின்னையும் (எலக்ட்ரானின் குட்டிக் காந்தம்) கொடுக்கிறது. அங்கே ஓனோ குழு 1990-களிலேயே 110 கெல்வின் வரை ஃபெர்ரோ காந்தம் காட்டியது. 2000-இல் இண்டியம் மாங்கனீசு ஆர்சனைடில் மின்புலம் கொடுத்து, துளைகளைக் கூட்டியும் குறைத்தும் காந்தத்தையே ஏற்றி இறக்கிக் காட்டினார்கள். துளை குறைந்தால் காந்தமும் குறைகிறது என்பதை இதைவிட நேராக எப்படிக் காட்ட முடியும்? நம் பொடிகளில் இப்படி ஒரு சோதனையைச் செய்தவர்கள் குறைவு.

16.02.2024, மாலை 6:40

"எல்லாமே அழுக்குதான் என்கிறீர்களா?" இது நியாயமான கேள்வி. இரண்டு நாள் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

அழுக்கு என்று நிரூபணமான கதை ஒன்று. 2004-இல் டப்ளினில் கோயி குழு ஹாஃப்னியம் ஆக்சைடு மென்படலத்தில் காந்தத்தைக் கண்டதாக நேச்சரில் எழுதியது. காந்த அயனியே இல்லாத பொருள் அது. 2005-இல் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் அதே பொருளில் தேடிப் பார்த்து, காந்தம் இல்லை என்றார்கள். கூடவே, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ட்வீசரால் சாம்பிளைப் பிடித்தால் அதே மாதிரி சிக்னல் வருகிறது என்றும் காட்டினார்கள். நான் இதைப் படித்தது 2013-க்குப் பிறகு. முன்னாலேயே யாராவது கையில் கொடுத்திருக்கலாம் என்று இன்றும் தோன்றுகிறது.

அழுக்கு என்று ஒதுக்க முடியாத கதை ஒன்று. பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயர் ஆய்வு மையத்தில் சி.என்.ஆர். ராவும் தீபக்கும் 2005-இல் மாங்கனீசும் கோபால்ட்டும் டோப் செய்த சிங்க் ஆக்சைடில் ஃபெர்ரோ காந்தம் இல்லை என்றார்கள். அடுத்த வருடம் அதே மையத்தில் சுந்தரேசன், ராவ் குழு, டோப்பே செய்யாத சீரியம் ஆக்சைடு, அலுமினா, சிங்க் ஆக்சைடு, இண்டியம் ஆக்சைடு, டின் ஆக்சைடு நானோதுகள்களில், 7 முதல் 30 நானோமீட்டர் அளவில், அறை வெப்பநிலையில் மெல்லிய ஃபெர்ரோ காந்தம் பார்த்ததாக எழுதினார்கள். மேற்பரப்பில் ஆக்சிஜன் விட்டுப்போன இடங்கள்தான் காரணம் என்பது அவர்கள் வாதம். இதை நான் அழுக்கு என்று சொல்லத் தயாரில்லை. பொடியைச் சூடாக்கித் துகளை வளர்த்தால் காந்தம் போய்விடுகிறது என்றும் அவர்கள் காட்டியிருக்கிறார்கள். இரும்புத் துணுக்கு அப்படிச் சமர்த்தாகப் போய்விடுமா என்று யோசிக்க வேண்டும்.

ஆனால் இதைச் சரி என்று ஒப்புக்கொண்டாலும் தம்பியின் பேப்பருக்கு உதவாது. டோப் செய்யாத பொடியிலேயே வளைவு வரலாம் என்றால், உங்கள் வளைவு மாங்கனீசால் வந்தது என்பது அடிபட்டுப் போகிறது. அழுக்கு என்றாலும், மேற்பரப்பு என்றாலும், டோப் செய்யாத பொடியை அதே வழியில் செய்து அளக்காமல் ஒரு வரியும் எழுத முடியாது.

17.02.2024, காலை 8:20

13-ஆம் தேதி "ஒளி பொய் சொல்லாது" என்று எழுதினேன். அது தப்பு, ஒளியைப் படிக்கிற நாம் தப்பாகப் படிக்கலாம்.

1994-இல் பார்கவா குழு, ஃபிசிகல் ரிவ்யூ லெட்டர்ஸில், மாங்கனீசு டோப் செய்த சிங்க் சல்ஃபைடு நானோ படிகத்தில் ஒளி தேயும் நேரம் மில்லிநொடியிலிருந்து நானோநொடிக்கு, ஐந்து இலக்கத்துக்கு மேல், குறைந்துவிட்டது என்று எழுதினார்கள். ஒளித்திறனும் 18%. இந்தத் துறைக்கு ஆட்களை இழுத்து வந்ததே அந்தக் கட்டுரைதான். மெதுவாகத் தேய வேண்டிய ஒளி வேகமாகத் தேய்கிறது, துகள் சிறியது என்பதால் விலக்கப்பட்ட மாற்றம் (எளிதில் நடக்காத எலக்ட்ரான் தாவல்) அனுமதிக்கப்பட்டதாகிவிட்டது என்று விளக்கம்.

1998-இல் உட்ரெக்டில் போலும் மெயரிங்கும் பொறுமையாக நீண்ட நேர அளவில் அளந்தார்கள். மாங்கனீசின் ஒளி எப்போதும்போல கிட்டத்தட்ட 2 மில்லிநொடியில்தான் தேய்கிறது. அந்த நானோநொடி சிக்னல், சல்ஃபைடின் சொந்தக் குறைபாடுகள் தரும் நீல ஒளியின் வால். அது அகலமான பட்டை, 590 வரை நீண்டு வந்து ஆரஞ்சோடு கலந்துகிடந்தது.

சிறிய கருவிக் கோளாறு என்று இதை ஒதுக்க முடியாது. நானோநொடி மட்டும் பார்க்கும் கருவியில் மில்லிநொடியில் தேயும் ஒளி அசையாத தரை மாதிரித் தெரியும். அதைப் பின்புலம் என்று கழித்துவிடுவோம். தம்பி கழித்த கோடும் இதுவும் ஒன்றுதான் என்று எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது. இரண்டு இடத்திலும் மாங்கனீசுதான் பின்புலமாகக் கழிந்துபோனது.

17.02.2024, இரவு 8:45

இதைக் கண்ணால் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு. என் பி.எஸ்சி. மாணவர்கள் செய்கிறார்கள்.

பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்று. இறக்கைக்கு மேல் வட்டமான அட்டை ஒட்டி, பசை தடவி, சிங்க் சல்ஃபைடு-மாங்கனீசு பொடியைத் தூவுங்கள். 310 நானோமீட்டர் யு.வி. எல்.இ.டி. ஒன்றைச் சிறு துளை வழியாக ஒரே புள்ளியில் விழச் செய்யுங்கள். இருட்டில் ஃபேனைச் சுழற்றுங்கள். நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் நொடிக்கு 50. 2 மில்லிநொடியில் தட்டு பத்தில் ஒரு சுற்று, 36 பாகை நகர்ந்துவிடும். புள்ளியில் நீலமும் ஆரஞ்சும் கலந்து தெரியும். அங்கிருந்து சுழலும் திசையில் ஆரஞ்சு மட்டும் வால் நட்சத்திரம் மாதிரி நீளும். நீலம் புள்ளியைவிட்டு நகராது.

முதல் தடவை அந்த வால் தெரிந்தபோது ஒரு பெண் "டீச்சர், தேயுறது தெரியுது டீச்சர்" என்று கத்திவிட்டாள். லட்ச லட்சமாகக் கொட்டி வாங்கும் கருவி சொல்வதை ஃபேன் சொல்லிவிட்டது.

17.02.2024, இரவு 9:00

யு.வி. கண்ணாடி கட்டாயம். 310 என்பது கண்ணையும் தோலையும் எரிக்கும் அலைநீளம். எல்.இ.டி.-யைச் சுற்றிக் கறுப்பு அட்டைப் பெட்டி வைக்காமல் யாரும் தொடங்க வேண்டாம்.

20.02.2024, காலை 7:30

தோழிக்கு. 1% போட்டும் ஏன் எல்லாத் துகளும் ஒளிரவில்லை என்று கேட்டிருந்தீர்கள்.

2 நானோமீட்டர் விட்டமுள்ள சிங்க் சல்ஃபைடு துகளில் துத்தநாக அணுக்கள் சுமார் 106. அதில் 1% என்றால் துகளுக்கு ஒரு மாங்கனீசு. சராசரியாக ஒன்று, அவ்வளவுதான். சில துகளில் இரண்டு, சிலதில் மூன்று, நூற்றுக்கு 37 துகளில் ஒன்றுமே இருக்காது. பெரிய படிகத்தில் "1%" என்பதற்கு இருக்கும் அர்த்தம் இங்கே கிடையாது. 3 நானோமீட்டருக்குப் போனால் துத்தநாகம் 350-ஐத் தாண்டும், துகளுக்கு மூன்று நான்கு மாங்கனீசு கிடைக்கும், வெறும் துகள்கள் மிகவும் குறைந்துவிடும்.

இதுவும் மாங்கனீசு உள்ளே போயிருந்தால்தான். வெளியே ஒட்டிக்கொண்டு நிற்பதும் உண்டு. வளரும் துகளின் முகத்தில் டோப்பண்ட் போதிய நேரம் ஒட்டி நின்றால்தான் உள்ளே புதையும் என்று 2005-இல் எர்வின், எஃப்ராஸ், நாரிஸ் குழுவினர் நேச்சரில் காட்டினார்கள். ஈ.பி.ஆர். (ஜோடி இல்லாத எலக்ட்ரான்களைக் காட்டும் சோதனை) எடுங்கள். மாங்கனீசின் அணுக்கரு ஸ்பின் 5/2 என்பதால் ஆறு கோடுகள் விழும். கோடுகளுக்கு இடையில் 7 மில்லிடெஸ்லா அளவில் இருந்தால் உள்ளே, 9 பக்கம் போனால் மேற்பரப்பில். கோடுகள் குழைந்து ஒரே மேடாகத் தெரிந்தால் மாங்கனீசுகள் நெருங்கிக் கூட்டம் சேர்ந்துவிட்டன.

உங்களுக்கு நேர்கோடு வந்ததில் வருத்தமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்களாம். ஒரு வருத்தமும் வேண்டாம். இந்த இழையில் இதுவரை நம்பும்படி வந்த ஒரே காந்த அளவு உங்களுடையதுதான்.

20.02.2024, இரவு 10:10

தம்பிக்குப் பட்டியல் மாதிரி வேண்டாம், நான் செய்வதைச் சொல்கிறேன். ஸ்டீல் லேபுக்குள் வரக்கூடாது. பிளாஸ்டிக் ஸ்பாட்டுலா, புது குரூசிபிள், அகேட் கல்வம். மேக்னடிக் ஸ்டிரரில் போடும் வெள்ளைக் குச்சியை விளக்கில் பிடித்துப் பாருங்கள், டெஃப்ளானில் கீறலோ கறுப்புப் புள்ளியோ இருந்தால் தூக்கிப் போடுங்கள். உள்ளே இருப்பது காந்த உலோகம். சோடியம் ஹைட்ராக்சைடில் 80 டிகிரியில் மணிக்கணக்காக அது உருண்டிருக்கிறது. முடிந்தால் கண்ணாடிக் குச்சியால் கையாலேயே கலக்குங்கள்.

சிங்க் அசிட்டேட் பாட்டிலின் லேபிளையும் படியுங்கள். இரும்பு 0.001% என்று போட்டிருந்தால், ஒரு கிராம் ஆக்சைடுக்குத் தேவையான 2.7 கிராம் அசிட்டேட்டில் 27 மைக்ரோகிராம் இரும்பு. அத்தனையும் மேக்னடைட்டாக (இரும்பின் காந்த ஆக்சைடு) மாறிவிடாது, ஆனால் மாறினால் கிராமுக்கு 0.003 இ.எம்.யு. உங்கள் வளைவில் பாதிக்கு மேல் அங்கேயே வந்துவிட்டது.

பொடியை எத்தனாலில் கலக்கி, பீக்கருக்கு வெளியே ஒரு நியோடிமியம் காந்தத்தை வைத்துப் பாருங்கள். கண்ணாடியில் கறுப்பாக ஏதாவது கூடினால் அதோடு கதை முடிந்தது.

பணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தெரியும். சாம்பிளுக்குக் காசு கட்டும்போது டோப் செய்யாத பொடியை அளக்க யாருக்கும் மனம் வராது, அந்தக் காசில் இன்னொரு சதவீதம் அளக்கலாமே என்று தோன்றும். 2011-இல் நான் செய்ததும் அதுதான். ஐந்து சாம்பிளுக்குக் கட்டினேன், பூஜ்யத்துக்குக் கட்டவில்லை. இப்போது என்னிடம் இரண்டே சாம்பிளுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், ஒன்று 5%, ஒன்று பூஜ்யம்.

03.03.2024, மதியம் 12:30

இடையில் ஒருவர், "காந்தமும் ஒளியும் சேர்ந்து உண்மையிலேயே வேலை செய்யும் இடமே இல்லையா?" என்றார். இருக்கிறது. காட்மியம் டெல்லூரைடில் மாங்கனீசு. வெளிக் காந்தப் புலம் கொடுத்தால் மாங்கனீசு ஸ்பின்கள் திரும்பி, பட்டைகளைப் பிளந்து, ஒளியின் ஆற்றலையே கண்ணுக்குத் தெரியும்படி நகர்த்துகின்றன. 1970-களிலிருந்து அறிந்தது, யார் அளந்தாலும் வருவது. நானோ துகளில் இன்னும் அழகு: 2009-இல் கேம்லின் குழு, மாங்கனீசு டோப் செய்த காட்மியம் செலினைடு குவாண்டம் புள்ளியில் ஒளியைப் பாய்ச்சினாலே, வெளிப் புலம் எதுவும் இல்லாமல், உள்ளே பிறக்கும் எலக்ட்ரானும் துளையும் மாங்கனீசு ஸ்பின்களைத் திருப்பி நிறுத்துகின்றன என்று காட்டியது. சுமார் 50 கெல்வின் வரை முழுச் செறிவு. விளைவின் மிச்சம் அறை வெப்பநிலை வரை தெரிகிறது. அங்கே காந்தத்தை அளந்ததே ஒளியை வைத்துத்தான். ஸ்பாட்டுலாவில் இருந்து வந்த இரும்பு குவாண்டம் புள்ளியின் ஒளியை நகர்த்தாது. எனக்கு அதனால்தான் அந்த வேலை மேல் அவ்வளவு நம்பிக்கை.

28.04.2024, இரவு 9:50

தம்பி அனுப்பிய மூன்று கோப்புகளும் வந்தன. திறந்து பார்த்துவிட்டேன்.

பூஜ்யம், பழைய முறையில், ஸ்டீல் ஸ்பாட்டுலாவோடு: வளைவு, 0.004. 5%, புது முறையில்: வளைவு இல்லை. மேல்நோக்கி நேர்கோடு, ஒரு டெஸ்லாவில் 0.04. பூஜ்யம், புது முறையில்: கீழ்நோக்கி மெல்லிய கோடு.

ஈ.பி.ஆர்.-இல் ஆறு கோடுகள். பொடி வெளிர் பழுப்பு. பி.எல். முன்பு போலவே மங்கல்.

கைடு முகம் வாடிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் 0.04-ஐயும் 0.09-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். எத்தனை மாங்கனீசு தனியாக நிற்கிறது, எத்தனை ஜோடி சேர்ந்தது என்று உங்கள் பொடியைப் பற்றி நீங்கள் சொல்ல முடிகிற இடம் அது. 1%-இலும் 3%-இலும் இதையே அளந்தால் அந்த விகிதம் எப்படி மாறுகிறது என்று ஒரு முழு அத்தியாயம் எழுதலாம். 3%-க்குத் தனியாக நிற்கும் வாய்ப்பு 0.69, கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். மூன்று கோடுகளையும் ஆய்வேட்டில் போடுங்கள், எதையும் கழிக்காமல்.

05.05.2024, காலை 6:15

என் 2011 கோப்புகள் ஒரு சி.டி.-யில் இருந்தன. நேற்று தங்கை வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் ஓடியது. கழிக்காத மூல எண்கள் ஐந்தும் அப்படியே இருக்கின்றன. 1-லும் 7-லும் வளைவு இல்லை என்று நான் ஒதுக்கிவைத்த கோடுகள் இரண்டும் மேல்நோக்கிச் சுத்தமாகப் போகின்றன. 3, 5, 10-இல் வளைவுக்கு அடியிலும் அதே சாய்வு.

இதழுக்குத் திருத்தம் அனுப்ப வேண்டும் என்று என் அன்றைய கைடிடம் நேற்று ராத்திரி போனில் பேசினேன். ஓய்வு பெற்றுவிட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, ஐந்து கோட்டையும் ஒரே படமாகப் போட்டு அனுப்பு, பார்க்கிறேன் என்றார். படம் போட்டுக்கொண்டிருக்கிறேன்.